ஆபிரகாம் பண்டிதரின் சங்கமும் மேடையேறிய புதல்வியரும்

இசையாசிரியர் சங்கங்களின் ஆண்டு விழாக்களில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் ஆசிரியர்கள் அதிகம் பாடுவதில்லை. அவர்களிடம் பயிலும் இளையோரே பாடுகிறார்கள், வீணை வாசிக்கிறார்கள், மிருதங்கத்தில் தனி ஆவர்த்தனம் முழக்குகிறார்கள். ஆசிரியர்கள் முதல் வரிசையில் அமர்ந்து தொடையில் தாளம் போட்டபடி, ஒரு சுரம் நழுவினால் முகம் சுளித்து, நின்றால் நிமிர்ந்து, தேர்வெழுதுகிறவர்களைப் போல் இருக்கிறார்கள். மற்றத் தொழிற்சங்கங்களின் விழாக்களில் இவ்வாறு நிகழ்வதில்லை. இசையாசிரியன் தன் கல்வியைக் காட்டுவதற்கு வேறொருவரின் தொண்டையையும் விரலையும் நம்பியிருக்க வேண்டியிருக்கிறது. இந்த வழக்கத்தின் பின்னுள்ள வரலாற்றில் ஓர் அத்தியாயத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ஒரு பழைய சான்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை வாசிப்போர் பலரும் மாதவியின் ஆட்டத்தைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் காதையை வரிசையாகப் படித்தால், மாதவி ஆடுவதற்கு நெடுநேரம் ஆகிறது. ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேற வந்த சிறுமி அவள். அவளை மேடையில் நிறுத்துமுன் இளங்கோவடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஆறு பேரின் தகுதிகளை ஒவ்வொன்றாக விரித்துரைக்கிறார். அதன் பின்னர் அரங்கின் அளவுகள், தலைக்கோல். கடைசியில்தான் மாதவி. வகுப்பறைகளில் பெரும்பாலும் தாண்டிப் போகப்படும் பகுதி இது. கலைச்சொற்கள் மிகுந்திருப்பதால் மாணவர் அஞ்சுகிறார்கள், ஆசிரியர் நேரமில்லை என்கிறார்கள். எனினும் ஒரு கலைஞரின் முதல் மேடையை ஆசிரியர்களின் அவையாகக் கண்ட முதல் தமிழ்ப் பக்கங்கள் இவையே என்று நாம் கருதுகிறோம். அரசன் அளித்த ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் மாதவிக்குச் சேர்ந்தது. ஆசிரியர் அறுவரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

நாம் சொல்லவந்த வரலாற்றில் இது தலைகீழாக நிகழ்ந்தது. ஆசிரியர் பெயர் நின்றது, மேடையில் நின்றவர்களின் பெயர்கள் மங்கின.

கிருஷ்ணன்கோவிலிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை திருவில்லிபுத்தூர், இராசபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் கடந்து தென்காசிக்குப் போகிறது. தென்காசிக்கு அண்மையிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். தமிழிசையின் வரலாறு தஞ்சாவூரில்தான் எழுதப்பட்டது என்று எண்ணும் நண்பர்களுக்கு, அதை எழுதியவர் நம் பக்கத்து மண்ணிலிருந்து போனவர் என்பதைச் சொல்லிவைப்பதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்று அங்கேயே ஆசிரியரானார். சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் அங்கு இசை பயின்றார். 1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அவ்வம்மையாரும் ஆசிரியை. இருவரும் தஞ்சைக்குக் குடிபெயர்ந்து, அங்கே பெண்கள் பள்ளியொன்றில் பணிபுரிந்தனர். அவர் தமிழ் கற்பித்தார்.

பள்ளிப் பணியை விட்டபின் அவர் சித்த மருத்துவத்தில் இறங்கினார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் துறவியிடம் மருந்து முறைகளைக் கற்றதாகக் கூறிய அவர், தம் மருந்துகளுக்கும் தோட்டத்துக்கும் பின்னாளில் தம் நூலுக்கும் அவர் பெயரையே சூட்டினார். மருந்து வாணிகம் கடல் கடந்து இலங்கை, பர்மா வரை பெருகிற்று. தஞ்சைக்கு வெளியே கருணானந்தபுரம் என்னும் பெரிய தோட்டம் உருவாயிற்று. 1909இல் அரசு இராவ் சாகிப் பட்டம் அளித்தது. இவ்வளவும் ஒரு செல்வரின் வாழ்க்கைக் குறிப்பாகவே முடிந்திருக்கலாம். ஆனால் ஆசிரியர் தொழில் அவரை விடவில்லை. தெலுங்குச் சாகித்தியங்களைப் பொருள் விளங்காமல் நெட்டுருப் போடும் தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தமிழிலேயே பாடல்களை இயற்றிச் சுரப்படுத்தி 1907இல் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்னும் பாடநூலை வெளியிட்டார். பின்வந்த எல்லாவற்றுக்கும் இந்தச் சிறு பாடநூலே தொடக்கம் என்பது நம் எண்ணம். பிள்ளைகளுக்குச் சுரம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தவரைத்தான் 'இந்தச் சுரம் எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது' என்ற கேள்வி இப்படித் துரத்தும். கச்சேரி வித்துவானுக்கு அந்தக் கேள்வி அவ்வளவு அவசரமானதன்று. அவர் காது அறியும், கை அறியும்.

1912 மே 27ஆம் நாள் தஞ்சையில் 'சங்கீத வித்தியா மகாஜன சங்கம்' முதன்முறையாகக் கூடியது. 1914க்குள் ஆறு மாநாடுகள் நடந்தேறின. செலவு முழுவதும் பண்டிதருடையது. சென்னை மியூசிக் அகாதெமி 1928இல்தான் தொடங்கிற்று, அதன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1931இல்தான் வந்தது என்பதை நினைத்தால், வித்துவான்களையும் ஆசிரியர்களையும் ஒரே பந்தலில் அமர்த்தி இலக்கணம் பேசவைத்த தஞ்சைச் சங்கம் எவ்வளவு முந்தியது என்பது விளங்கும். கச்சேரிக்காக வித்துவான்கள் கூடுவது அன்று புதிதன்று. திருமணங்களுக்கும் கோயில் உற்சவங்களுக்கும் கூடினார்கள். கேள்வி கேட்டு விடை சொல்வதற்காகக் கூடியதுதான் புதிது.

கேள்வி என்னவென்றால், ஒரு தாயியில் சுருதிகள் எத்தனை?

வாசகர் இதை வெறும் எண் விளையாட்டு என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் சற்று விரித்துச் சொல்கிறோம். பரத முனிவர் காலந்தொட்டு, 13ஆம் நூற்றாண்டில் சங்கீத ரத்னாகரம் செய்த சாரங்கதேவர் வரை, வடமொழி நூல்கள் 22 என்றன. சிலப்பதிகார உரைகளிலும் குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என அலகுகள் சொல்லப்படுகின்றன. கூட்டினால் அதுவும் 22தான். பண்டிதர் இங்கேதான் மாறுபட்டார். வட்டப்பாலையில் பன்னிரண்டு இராசிகளை வட்டமாக அமைத்துச் சுரங்களை நிறுத்தும் முறையை எடுத்துக்கொண்டு, உண்மையான தொகை 24 என்றும், கைக்கிளையிலும் விளரியிலும் ஒவ்வோர் அலகு குறைத்துப் பாடிய வழக்கத்திலிருந்தே 22 பிறந்தது என்றும் வாதிட்டார். அவ்விரண்டையும் 4 ஆக்கிக் கூட்டிப் பார்த்தால் கணக்கு நேராகும்.

இதில் ஒரு பௌதிகச் சிக்கலும் உண்டு. தம்புராவில் கேட்கும் தூய பஞ்சமம் ஆதார சட்சத்தைவிட 3க்கு 2 என்னும் விகிதத்தில் உயர்ந்தது. ச-வுக்குப் ப, அந்தப் ப-வைச் சட்சமாகக் கொண்டால் அதற்கொரு ப என்று பன்னிரண்டு முறை ஏறினால் ஏழு தாயி கடந்து மீண்டும் சட்சத்தையே அடைய வேண்டும். அடைவதில்லை. மூன்றுக்கு இரண்டு வீதத்தில் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.7 வருகிறது. ஏழு தாயிக்கு வரவேண்டியது 128. வட்டம் மூடாமல் ஒரு கீற்று இடைவெளி நின்றுவிடுகிறது. கிரேக்கர்களையும் சீனர்களையும் வருத்திய அதே கீற்றுத்தான். பண்டிதர் வட்டம் மூடியே தீரவேண்டும் என்றார். ஆகவே தாயியைச் சமமான பெருக்கு வீதத்தில் பகுக்க வேண்டும் என்றார். அவ்வாறு பகுத்தால் பஞ்சமம் தூய அளவிலிருந்து மயிரிழை தாழும். காதுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் காந்தாரம் தெரியும். தூய அந்தர காந்தாரத்துக்கும் சமப்பகுப்பில் வரும் காந்தாரத்துக்கும் உள்ள வேறுபாடு அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு வரும். நல்ல காதுடையவர் அதைக் கேட்டு முகம் சுளிப்பார்.

ஆக, சபையில் நிகழ்ந்த வழக்கு இது: தாளில் 24 என்பது அழகாக மூடுகிறது, மேடையில் அது பாடப்படுமா? தாள் எதையும் தாங்கும். சங்கீதத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியது காது. அந்தக் காதுகளுக்கு முன் சுரத்தை நிறுத்திக் காட்ட ஒரு குரல் வேண்டும், ஒரு வீணை வேண்டும். பண்டிதர் தம் புதல்வியரைப் பயிற்றினார்.

மரகதவல்லி, கனகவல்லி என்னும் அவ்விருவரும் தந்தையிடம் கற்றவர்கள். 1916 மார்ச்சில் பரோடாவில் மன்னர் சயாஜிராவ் கெயிக்வாட்டின் ஆதரவில், பண்டித பாத்கண்டேயின் முயற்சியால், முதலாவது அகில இந்திய சங்கீத மாநாடு கூடியபோது பண்டிதர் அழைக்கப்பட்டார். புதல்வியரையும் உடன் அழைத்துச் சென்றார். மாநாட்டில் அவர் தம் சுருதிக் கொள்கையை எடுத்துரைக்க, மரகதவல்லியும் கனகவல்லியும் அதை வீணையோடு பாடிக் காட்டினார்கள். எதிரே இருந்தவர்கள் சாமானியர் அல்லர். 22 சுருதிக்காக நூல் எழுதிய தேவல், அவரோடு சேர்ந்து சுருதி ஆர்மோனியம் அமைக்க முயன்ற சிவில் சர்வீஸ் அதிகாரி கிளெமென்ட்ஸ் போன்றோரின் கருத்து மேலோங்கியிருந்த காலம் அது. அவர்களுக்கு ஆர்மோனியக் கட்டைகள் சான்று. பண்டிதருக்குத் தம் பெண்களின் விரல்கள் சான்று.

இங்கே வீணையைப் பற்றி ஒரு சொல். தஞ்சாவூர் வீணைக்கு 24 மெட்டுகள் என்பதால் அதுவே 24 சுருதிக்குச் சான்று என்று சிலர் எழுதியிருக்கக் காண்கிறோம். அது பிழை. தாயிக்கு 12 வீதம் இரண்டு தாயிக்கு 24 மெட்டுகள், அவ்வளவே. மெட்டுக்கும் மெட்டுக்கும் இடைப்பட்ட நுண்சுருதி தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பதால் மட்டுமே பிறக்கும். மெட்டுகளும் மெழுகின்மேல் காதால் நிறுத்தப்படுபவை, அளவுகோலால் அல்ல. எனவே பரோடா மேடையில் அப்பெண்கள் செய்தது கச்சேரி வாசிப்பைவிடக் கடினமானது. கச்சேரியில் கமகம் ஓடும், அழகு பிழையை மூடும். மெய்ப்பித்துக் காட்டும்போது சுரத்தை நிறுத்த வேண்டும், எதிர்வாதம் செய்பவர் 'மீண்டும்' என்றால் அதே இடத்தில் மீண்டும் நிறுத்த வேண்டும்.

அக்காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 1916. எம். எஸ். சுப்புலட்சுமி மதுரையில் பிறந்த ஆண்டு. மேடையேறிப் பாடும் பெண்கள் பெரும்பாலும் மரபுவழி இசைக்குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வீணை தனம்மாள் அன்று புகழின் உச்சியில் இருந்தார். பிற குடும்பத்துப் பெண்கள் வீட்டில் வீணை கற்கலாம், நவராத்திரிக் கொலுவில் பாடலாம், சபையில் ஆடவர் முன் அமர்வது என்பது பேச்சுக்கே இடமில்லாதது. தஞ்சைக்கு அண்மையிலுள்ள திருவையாற்றில் தியாகராசர் ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாதிருந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொந்தப் பொருளில் சமாதிக் கோயில் எழுப்பி, பெண்களுக்கெனத் தனி விழாவும் நடத்திய பின், 1940 வாக்கில்தான் அந்தத் தடை தீர்ந்தது. டி. கே. பட்டம்மாள் சபை மேடைக்கு வந்தது 1930களின் தொடக்கத்தில். இவற்றுக்கெல்லாம் முன்னர், சிற்றூர்க் கிறித்தவக் குடும்பத்து ஆசிரியத் தம்பதியர் பெற்ற பெண்கள், மன்னர் கூட்டிய அவையில், மொழி தெரியாத ஊரில், பாரத நாட்டின் இசையறிஞர்கள் முன் வீணையோடு அமர்ந்தார்கள். வேதநாயகம் சாஸ்திரியார் தொடங்கிவைத்த கிறித்தவக் கீர்த்தனை மரபு தஞ்சையில் வேரூன்றியிருந்ததும், தேவாலயத்தில் பெண்கள் குரலெடுத்துப் பாடுவது அங்கே இயல்பாயிருந்ததும் இதற்கு ஓரளவு துணைசெய்திருக்கலாம். எனினும் ஆலயத்தில் கூடிப் பாடுவது வேறு, வாதத்தின் நடுவே தனித்துப் பாடுவது வேறு.

இந்த இடத்தில் நம் ஊர்ப்பக்கத்து நினைவு ஒன்று குறுக்கிடுகிறது. திருவில்லிபுத்தூரில் மார்கழியில் அரையர் சேவை நடக்கிறது. திருவரங்கம், ஆழ்வார்திருநகரி, திருவில்லிபுத்தூர் ஆகிய மூன்று தலங்களில் மட்டுமே தமிழகத்தில் எஞ்சி நிற்கும் அருமையான கலை அது. கைத்தாளம் ஏந்தி, பாசுரத்தை இசைத்து, அபிநயித்து, உரை சொல்லும் அம்மரபு தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்குகிறது. ஆண்டாள் என்னும் பெண் பாடிய பாசுரங்களைக்கூடக் கோயிலில் ஆண் அரையரே சேவிக்கிறார். தந்தை ஆசிரியராகவும் பிள்ளை மாணாக்கராகவும் இருக்கும் முறை நமக்குப் புதிதன்று. பண்டிதர் செய்த மாற்றம், அந்த இடத்தில் மகளை அமர்த்தியதுதான்.

சிலப்பதிகாரத்தில் இன்னோர் இடம் உண்டு. ஆய்ச்சியர் குரவையில் மாதரி, காளை வளர்த்த இளம்பெண்கள் ஏழுபேரை வரிசையாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் பெயரையே அவர்களுக்கு இடுகிறாள். குரல் மாயவன், இளி பலராமன், துத்தம் நப்பின்னை. அவர்கள் கைகோத்து ஆடுகிறார்கள். பண்டிதர் தம் பாலைக் கணக்குகளை எடுத்தது இந்தக் காதையிலிருந்தும் அரங்கேற்று காதையிலிருந்தும், அவற்றுக்கு அடியார்க்குநல்லாரும் அரும்பதவுரைகாரரும் எழுதிய உரைகளிலிருந்தும்தான். உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை உரையோடு பதிப்பித்திராவிட்டால் தஞ்சைச் சங்கம் பேசியிருக்க ஒன்றுமிருந்திராது. ஆக, ஒரு பதிப்பு வெளிவந்து 24 ஆண்டுகளில் அதன் ஏடு ஒன்று பரோடாவில் ஒலித்துப் பார்க்கப்பட்டது. தமிழ் பயின்றவர்கள் சிலம்பை ஆராய்ந்தோம், பாடம் சொன்னோம், பட்டிமன்றம் நடத்தினோம். அதன் சுரத்தை மீட்டிப் பார்க்கலாம் என்று எண்ணியவர் மருந்து விற்ற ஒரு பழைய பள்ளி ஆசிரியர்.

மாநாடு என்ன முடிவு செய்தது என்று கேட்டால், 22ஐ யாரும் கைவிட்டுவிடவில்லை. சுருதிச் சண்டை இன்றும் ஓய்ந்தபாடில்லை. பண்டிதர் ஊர் திரும்பித் தம் லாலி அச்சுக்கூடத்தில் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை அச்சிட்டார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்த நூலைத் தூக்கி வைத்துப் படிப்பதே ஒரு தேகப்பயிற்சி. 1919 ஆகஸ்டு 31இல் மறைந்தார். அவர் முடிபுகள் அனைத்தும் நிலைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பண்டையத் தமிழரின் அடிப்படைப் பண்ணாகிய செம்பாலையை அவர் சங்கராபரணம் என்றார். விபுலாநந்தர், எஸ். இராமநாதன், வீ. ப. கா. சுந்தரம் என்று பின்வந்த அறிஞர்கள் அரிகாம்போதி என்றனர். இன்று பெரும்பாலோர் ஏற்பது பின்னதைத்தான். சமப்பகுப்பையும் பாடகர்கள் ஏற்கவில்லை. அவர்கள் காந்தாரம் இராகத்துக்கு இராகம் இடம் மாறுகிறது. ஆனால் தவறான முடிபையும் பாடிக் காட்டிச் சோதிக்க முன்வந்த துணிவு, சரியான முடிபைத் தாளிலேயே வைத்திருப்பதைவிட மேலானது என்றே நாம் மதிப்பிடுகிறோம். அந்தத் துணிவின் பாதி மரகதவல்லிக்கும் கனகவல்லிக்கும் உரியது.

இங்கே நமக்கு ஒரு மனக்குறை உண்டு. பண்டிதரைப் பற்றிய கட்டுரைகளில் 'தம் புதல்வியரைக் கொண்டு மெய்ப்பித்துக் காட்டினார்' என்று ஒரு வரி தவறாமல் வருகிறது. 'கொண்டு' என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆர்மோனியத்தைக் கொண்டு, தந்தியைக் கொண்டு, புதல்வியரைக் கொண்டு. அவர்கள் கருவியாகவே எழுதப்பட்டுவிட்டார்கள். எத்தனை ஆண்டுகள் பயின்றார்கள், வட்டம் மூடும் கணக்கு அவர்களுக்கும் விளங்கியிருந்ததா, காதில் கேட்ட காந்தாரமும் தந்தையின் கணக்குக் காந்தாரமும் ஒத்துவராத நாளில் அவர்கள் எதை நம்பினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வீணையை மடியில் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாமல் இருந்திருக்க முடியாது என்பது நம் ஊகம்.

ஆனால் ஒன்று மட்டும் ஊகமன்று. கருணாமிர்த சாகரம் முதற்புத்தகத்தோடு முடியவில்லை. இராகங்கள் எப்படிப் பிறக்கின்றன, எந்தச் சுரம் எதனோடு இணை, கிளை, பகை, நட்பு என்று ஆராயும் இரண்டாம் புத்தகம் பண்டிதர் காலத்தில் வெளிவரவில்லை. அவர் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பின், 1946இல், அதை அச்சேற்றியவர் மரகதவல்லி. இடைப்பட்ட காலத்தில் உலகப்போர் ஒன்று நடந்து முடிந்திருந்தது. அண்ணாமலை அரசர் சிதம்பரத்தில் இசைக்கல்லூரி கண்டிருந்தார், 1941இல் தமிழிசை மாநாடு கூட்டியிருந்தார், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியிருந்தது. தமிழில் பாட வேண்டும் என்பது பெரும் இயக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. 1907இல் பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பாடநூல் எழுதியவரின் மிச்ச ஆராய்ச்சி அவர் மகளால் வெளிவந்த மறு ஆண்டில், விபுலாநந்தரின் யாழ்நூல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாகத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. 1950இல் பண்டிதரின் மகன் வரகுணபாண்டியன் 'பாணர் கைவழி' என்னும் யாழ் ஆராய்ச்சி நூலை வெளியிட்டார். நூலகங்களில் இம்மூன்றும் இன்று ஒரே அடுக்கில் கிடைக்கும்.